சின்னராசுவின் தாடி

சுரேந்தர் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினான். ஃபேரர் பார்க் ஸ்டேஷனிலிருந்து ஒரே ஓட்டம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பேன்ட் பாக்கெட்டில், செய்தித்தாளில் சுற்றிய சவரக்கத்தி ஒவ்வொரு படிக்கும் தொடையில் இடித்தது.

மணி ஒன்று நாற்பது.

நான்கு மணிக்குச் சின்னராசுவின் பெட்டியை மூடி சீல் வைத்துவிடுவார்கள். இரவு விமானத்தில் திருச்சி. அதற்குள் அவன் முகத்திலிருக்கும் தாடியை எடுத்தாக வேண்டும்.

கீழே தெருவில் மூன்று சலூன்களில் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. முதல் கடைக்காரர், "பொணத்துக்கா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா?" என்று தலைக்கு மேல் கை தூக்கிக் கும்பிட்டார். இரண்டாவது ஆள் வருவதாகச் சொன்னான். ஆனால் ஐந்து மணிக்கு மேல்தான். மூன்றாவது கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். "மாடியில சலூன் சாமான் கடை இருக்கு. ஒரு கத்திய வாங்கி நீங்களே வழிச்சு விட்டுடுங்க பாஸ்" என்றான் கடைப்பையன் போலிருந்த ஒருவன். கேலியாகத்தான் சொன்னான்.

சுரேந்தருக்கு அது கேலியாகப் படவில்லை. அதனால்தான் படியேறிக்கொண்டிருந்தான்.

கடைக்குள் ஏசி குளிர்ந்தது. சுவர் முழுக்க டிரிம்மர்கள், கத்தரிகள், கறுப்புத் துணிப் போர்வைகள். கல்லாவுக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி தலையில் துப்பட்டாவோடு, டப்பாவிலிருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடையின் முதலாளி ரபியா அவர்தான். மூச்சு வாங்க உள்ளே வந்தவனைப் பார்த்ததும் டப்பாவை மூடினார்.

"தண்ணி குடிங்க முதல்ல. யாராச்சும் துரத்துறாங்களா?"

"இல்லைக்கா. இதத் தீட்டித் தரணும். அரை மணி நேரத்துல."

பொட்டலத்தைப் பிரித்து வைத்தான். ரபியா கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். கத்தியைப் பிடியிலிருந்து விரித்து, விளக்கொளியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்.

"நல்ல சாமான். ஜெர்மன் இரும்பு. யாரு வச்சிருந்தது?"

"என் கூட்டாளி."

"பிள்ளை மாதிரி வச்சிருந்திருக்காரு. ஆனா ஒண்ணரை மாசமா தொடலை. இங்க பாருங்க துரு. நம்ம சிங்கப்பூரு ஈரத்துக்கு, துடைக்காம ஒரு வாரம் போட்டாலே பூத்துடும். முனையிலயும் சின்னதா ஒரு பல்லு விழுந்திருக்கு."

"தீட்டுனா சரியாகுமா?"

"ஆகும். மூணு கல்லு மாத்தி மாத்தித் தேய்க்கணும். அப்புறம் தோல்வார்ல இழுக்கணும். கை பழகுனவருக்கே ரெண்டு மணி நேரம். எனக்கு விக்கத்தான் தெரியும், தீட்ட ஒரு ஆளு சாயங்காலம் வருவாரு. யாருக்கு ஷேவ் பண்ணணும், உங்களுக்கேவா?"

"இல்லைக்கா. நான் இன்னொருத்தருக்குப் பண்ணணும்."

"முன்ன பண்ணியிருக்கீங்களா?"

"இல்லை."

"கத்தி பிடிச்சிருக்கீங்களா?"

"இல்லை."

"சுத்தம்" என்றார் ரபியா. "சாதா ஷேவிங் செட் ஒண்ணு வாங்கிட்டுப் போங்களேன். கீழ செவன் லெவன்லயே கிடைக்கும்."

"கத்தியாலதான்க்கா எடுக்கணும். அவன் மூஞ்சில கத்தி தவிர வேற எதையும் வைக்க விட மாட்டான்."

ரபியா கண்ணாடி அலமாரியைத் திறந்து இரண்டு கத்திகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தன.

"இது முழுக்கத்தி. உங்க கூட்டாளி வச்சிருக்கிற ஜாதி. கனமா இருக்கும். அந்தக் கனமே வேலை செஞ்சுடும், நாம அழுத்த வேணாம். தோலுக்குப் பூ மாதிரி. ஆனா புதுசா வாங்குன உடனே வேலைக்கு ஆகாது. கடையில இருக்கிற எந்தக் கத்திக்கும் முழுப் பதம் இருக்காது. அதுக்குக் கல்லு, வார், அத இழுக்கத் தெரிஞ்ச கை எல்லாம் வேணும். தினம் தினம் பார்க்கணும். பாக்கலைன்னா..." துருப்பிடித்த கத்தியைக் கண்ணால் காட்டினார்.

"இன்னொண்ணு?"

"பிளேடு மாட்டுறது. சாதா பிளேட ரெண்டா உடைச்சு, பாதிய உள்ள சொருகி மூடுனா முடிஞ்சுது. பதம் பத்திக் கவலையே இல்லை. வேலை முடிஞ்சா தூக்கிப் போட்டுடலாம். இப்ப சிங்கப்பூர்ல எல்லா சலூன்லயும் இதுதான். புதுசா பழகுறவங்களுக்கு நான் இதத்தான் கொடுப்பேன்." கத்தியை அவன் உள்ளங்கையில் வைத்தார். எடையே இல்லை. "ஆனா ஒண்ணு. லேசா இருக்கேன்னு நினைச்சு அழுத்துனீங்கன்னா தீர்ந்துச்சு. இது கோவக்காரக் கத்தி. உடனே கடிச்சிடும்."

சுரேந்தர் சின்னராசுவின் கத்தியைப் பார்த்தான். அந்தக் கத்தியாலேயே எடுக்க வேண்டும் என்று காலையில் டார்மிட்டரியில் அவன் துணிப்பெட்டியைத் திறந்து கொண்டு வந்திருந்தான். மணி ஒன்று ஐம்பது.

"பிளேடு மாட்டுறதையே கொடுங்கக்கா" என்றான்.

சுரேந்தரும் சின்னராசுவும் எட்டு வருடமாக ஒரே கப்பல் பட்டறையில் வேலை. துவாஸ் டார்மிட்டரியில் ஒரே அறை. மேல்கட்டில் சின்னராசு, கீழ்க்கட்டில் சுரேந்தர். ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி காயப்போடும் இடத்தில் சின்னராசு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுவான். வாரம் முழுக்க வெல்டிங் பிடித்துக் காய்த்த கை, கத்தியைப் பிடித்தால் ஈ உட்கார்ந்த மாதிரிகூடத் தெரியாது. அறையிலிருக்கும் பன்னிரண்டு பேருக்கும் அவன்தான். முதல் ஆள் எப்போதும் சுரேந்தர். "மாப்ள, வாய மூடுடா. பேசுனா உதடு போயிடும்" என்பான். சுரேந்தர் வேண்டுமென்றே பேசுவான்.

ஏழு வாரத்துக்கு முன்னால் எல்லாம் கெட்டது.

சாரத்தின் மேல் நிற்கும்போது சுரேந்தருக்குத் தலை சுற்றியது. ஒரு முறை இல்லை, மூன்று முறை. மூன்றாவது தடவை சின்னராசு பெல்ட்டைப் பிடித்து இழுக்காவிட்டால் ஆறு மாடி உயரத்திலிருந்து போயிருப்பான். "டாக்டர்கிட்ட போடா" என்றான் சின்னராசு. "போனா கீழ இறக்கிடுவாங்க. ஓவர்டைம் போயிடும். வாய மூடிக்கிட்டு இரு" என்றான் சுரேந்தர். மறுநாள் காலை சின்னராசுவே சேஃப்டி ஆபீசரிடம் போய்ச் சொல்லிவிட்டான்.

அன்றைக்கே சுரேந்தரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். மூன்று மாதத்துக்குச் சாரம் ஏறக் கூடாது என்று உத்தரவு. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். தலைக்குள் ஏதோ நிழல் மாதிரித் தெரிகிறது, இன்னும் ஒரு டெஸ்ட் பண்ண வேண்டும் என்றார்கள். அந்தச் செய்தியோடு திரும்பி வந்தவன், சாப்பாட்டு மேசையில் அத்தனை பேர் முன்னால் கத்தினான்.

"என் சோத்துல மண்ணப் போட்டுட்டியேடா! இனி செத்தாலும் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்!"

சின்னராசு தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தான்.

அடுத்த ஞாயிறு நாற்காலி போடவில்லை. கத்தியைப் பெட்டிக்குள் வைத்தான். யாருக்கும் சவரம் செய்யவில்லை, தனக்கும். தாடி வளர ஆரம்பித்தது. "என்னண்ணே, லவ் ஃபெயிலியரா?" என்று பக்கத்துக் கட்டில் அருண்ராஜ் வம்பிழுத்தான். சின்னராசு சிரித்தான்.

அந்தத் தாடி தன்னால்தான் என்று சுரேந்தருக்குத் தெரியும். தான் பேசாமல் போனதால் அவனுக்கு வந்த துக்கம். ஆரம்பத்தில் அதைப் பார்க்கும்போது உள்ளுக்குள் கொஞ்சம் இனிக்கக்கூடச் செய்தது. வளரட்டும், நல்லா வளரட்டும் என்று நினைத்தான்.

நேற்று முன்தினம், புதன்கிழமை காலை, வேலைக்கு லாரி ஏறும்போது சின்னராசு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. முப்பத்தெட்டு வயது.

ஊரில் பெட்டியைத் திறந்ததும் அவன் மனைவி பஞ்சவர்ணம் முதலில் முகத்தைத்தான் பார்ப்பாள். என் புருஷன் ஏன் இப்படி இருந்தார், யார் இப்படி ஆக்கினார்கள் என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான். அந்தப் பதில் இப்போது ஒரு கடையில் கத்தியோடு நின்றுகொண்டிருந்தது.

"தம்பி! எங்க போயிட்டீங்க?"

ரபியா ஒரு சிவப்புப் பலூனை ஊதி முடிச்சுப் போட்டிருந்தார். அதன்மேல் ஷேவிங் ஃபோமை அப்பினார்.

"எதுக்குக்கா இது?"

"இதான் பள்ளிக்கூடம். ஃபோமை வழிச்சு எடுங்க. பலூன் உடையக் கூடாது. உடையாம மூணு தடவை எடுத்துட்டீங்கன்னா கன்னத்துக்குப் போகலாம்."

முதல் இழுப்பிலேயே வெடித்தது. நுரை இருவர் முகத்திலும் தெறித்தது. ரபியா சிரித்தார்.

"பலூன் போனா போகுது. கஸ்டமரு போகாமப் பாத்துக்குங்க. இங்க பாருங்க, கத்திய நிமித்திப் பிடிக்கிறீங்க. படுக்கப் போடுங்க. மூஞ்சிக்கும் கத்திக்கும் நடுவுல சுண்டு விரல் நுழையுற இடம் போதும். மணிக்கட்டு ஆடக் கூடாது. குட்டிக் குட்டியா இழுங்க, ஒரு இஞ்சுக்கு மேல போகாதீங்க."

இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவது பலூனில் பாதி தூரம் போனான். நான்காவதில் முழு நுரையும் கத்தியோடு வந்தது. பலூன் வழவழவென்று அப்படியே நின்றது. இன்னொரு முறை. இன்னொரு முறை. மணி இரண்டு இருபத்தைந்து.

"பாஸாயிட்டீங்க" என்றார் ரபியா. கத்தி, பிளேடு பொட்டலம், ஃபோம், சின்ன டிரிம்மர் என்று பைக்குள் எடுத்து வைத்தார். கடைசியாக ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்தார். "படிகாரம். வெட்டுப்பட்டா இத நனைச்சுத் தடவுங்க, ரத்தம் நின்னுடும். புதுசா பண்றவங்க கட்டாயம் வச்சிருக்கணும்."

"அது வேணாம்க்கா."

"வேணும் தம்பி. எப்படியும் ஒரு கீறல் விழும்."

"ரத்தம் வராதுக்கா."

ரபியாவின் கை அந்தரத்தில் நின்றது. அவனைப் பார்த்தார். மேசைமேல் கிடந்த துருப்பிடித்த கத்தியைப் பார்த்தார்.

"அந்தக் கூட்டாளியா?"

சுரேந்தர் தலையாட்டினான்.

படிகாரத்தை அவர் மெதுவாக டப்பாவுக்குள் திரும்ப வைத்தார். "என்னென்னமோ சிரிச்சுப் பேசிட்டேனே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு கேட்டார். "எங்க வழக்கத்துல மையத்துல, அதான் இறந்தவங்க உடம்புல, ஒரு முடியக்கூட எடுக்க மாட்டோம். இருக்கிறது இருக்கிறபடி அனுப்பிடுவோம். உங்க வழக்கம் எனக்குத் தெரியாது. வீட்டுக்காரங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டாச்சு" என்றான் சுரேந்தர்.

கேட்கவில்லை. இரண்டு நாளாகப் பஞ்சவர்ணத்துக்கு அவன் போனே பண்ணவில்லை. கம்பெனிக்காரர்கள்தான் தகவல் சொன்னார்கள். அவள் குரலைக் கேட்டால் என்ன பேசுவது?

"அப்ப சரி. ரசீதப் பையிலயே வைங்க. கத்திய வெளிய எடுக்காதீங்க. ரோட்டுல ஓடாதீங்க, போலீஸ் பார்த்தா கதை வேற பக்கம் போயிடும்."

ஓடாமல் எப்படி? கிச்சனர் ரோட்டைத் தாண்டும்போதே ஓட ஆரம்பித்துவிட்டான். லாவண்டரை நெருங்கும்போது எதிரே வந்த இரண்டு போலீஸ்காரர்களில் இளையவர் கை காட்டினார். வேலை அனுமதி அட்டை. பையில் என்ன? சுரேந்தர் ரசீதை நீட்டினான். கத்தியைப் பார்த்ததும் அவர் புருவம் உயர்ந்தது.

"யாருக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"மை ஃபிரண்ட் சார். டெட் சார். ஃபோர் ஓ கிளாக் குளோஸ்."

இளையவர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, பையின் வாயைத் தானே மடித்துவிட்டார். "போ. ஆனா நடந்து போ" என்பதுபோல் கையை அசைத்தார்.

நடக்கும்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான்.

பஞ்சவர்ணம் தங்கச்சி.

அதிர்வு தானாக நிற்கும்வரை கையில் வைத்திருந்தான். பிறகு பையில் போட்டுக்கொண்டான். முதலில் வேலை முடியட்டும். சுத்தமான முகத்தைக் காட்டிக்கொண்டே பேசிவிடலாம்.

மணி இரண்டு ஐம்பது.

சடலங்களைத் தயார் செய்து ஊருக்கு அனுப்பும் அந்தக் கூடத்தில் முத்துசாமி காத்திருந்தார். அறுபது வயது, சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். ரப்பர் ஏப்ரன், கையில் காப்பி பாக்கெட்.

"அலாமா, நீங்களேவா பண்ணப் போறீங்க? எங்க ஆளு வேற கேஸுக்கு மண்டாய் சுடுகாட்டுக்குப் போயிட்டான். நான் டிரிம்மர் போட்டு ஷார்ட் பண்ணி விட்டுடுறேன்லா. நீட்டா இருக்கும்."

"முழுசா எடுக்கணும்ணே."

"முன்ன பண்ணியிருக்கீங்களா?"

"இன்னைக்குத்தான் படிச்சேன்."

முத்துசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இங்க பாருங்க தம்பி. உசுரு உள்ள தோலு கீறுனா ரெண்டு நாள்ல மூடிக்கும். இது மூடாது. காத்துப் பட்டுக் காஞ்சு, கறுப்புக் கோடாயிடும். அப்புறம் நான் எவ்வளவு மேக்கப் போட்டாலும் ஊர்ல தெரியும். ஒரு சான்ஸ்தான். ஓகேவா?"

"ஓகேண்ணே."

உள்ளே குளிர். எஃகு மேசையில் சின்னராசு கழுத்துவரை வெள்ளைத் துணியோடு படுத்திருந்தான். முடியைப் படிய வாரியிருந்தார்கள். அதற்குக் கீழே கறுகறுவென்று தாடி. மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று சொன்ன நாளுக்குப் பிறகு இவ்வளவு பக்கத்தில் அந்த முகத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

முத்துசாமி தலைமாட்டில் ஒரு எஃகுத் தட்டை வைத்தார். முதலில் டிரிம்மர். நீளமான முடி கொத்துக் கொத்தாகத் தட்டில் விழுந்தது. பிறகு ஈரத்துணி. பிறகு ஃபோம். பிளேடை உடைத்து, பாதியைச் சொருகி, மூடினான். நின்றான். மூச்சை இழுத்து விட்டான். படுக்கப் போடு. மணிக்கட்டு ஆடாதே. ஒரு இஞ்சு.

முதல் இழுப்பு. நுரைக்கு நடுவே கன்னத்தின் மாநிறம் ஒரு கோடாகத் தெரிந்தது. கீறல் இல்லை.

கன்னத்தில் கத்தி வைத்தால் மனிதன் தானாகவே வாயைக் கோணி, தாடையைச் சாய்த்து இடம் கொடுப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் சுரேந்தர் யோசிக்காமல் செய்த காரியம் அது. சின்னராசு இடம் கொடுக்கவில்லை. தோலை இடது கையால் இவனே இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. விரலுக்குக் கீழே முகம் மாவுப் பலகை மாதிரிச் சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில், தான் பேசிக்கொண்டிருப்பதைச் சுரேந்தர் கவனித்தான்.

"கொஞ்சம் பொறுத்துக்கடா மாப்ள. இந்தப் பக்கம் ஆச்சு. உன்ன மாதிரி வராதுதான். ஏதோ வருது."

முத்துசாமி காப்பியை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூக்குக்குக் கீழே வந்தபோது போன் மறுபடி அதிர்ந்தது. கத்தியை உயர்த்திப் பிடித்தபடி அசையாமல் நின்றான். அதிர்வு நின்றது. தொடர்ந்தான். மீசையை விட்டுவிட்டான்; சின்னராசு மீசையில்லாமல் இருந்ததே இல்லை.

குரல்வளைக்கு வந்தபோது மூன்றாவது முறை. இந்தத் தடவை விடாமல் அடித்தது.

"தம்பி, எடுத்துப் பேசிடுங்களேன்" என்றார் முத்துசாமி.

"முடிச்சுடுறேன்ணே. ரெண்டு நிமிஷம்."

மூன்று முப்பத்தைந்துக்கு முடித்தான். ஈரத்துணியால் துடைத்துவிட்டு நிமிர்ந்தான். முத்துசாமி குனிந்து, தாடையோரம் விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒரு கீறல் இல்லை. முதல் தடவைன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கலா."

மேசையில் பழைய சின்னராசு படுத்திருந்தான். நாற்காலிக்குப் பின்னால் நின்று, வாய மூடுடா என்று சொல்லும் சின்னராசு. ஏழு வாரம் நடக்கவே இல்லை என்பதுபோல. சுரேந்தர் சுவரில் சாய்ந்து, இரண்டு நாளில் முதல் முறையாக அழுதான்.

போன் நான்காவது முறையாக அடித்தது. வீடியோ கால். கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தான். திரையில் பஞ்சவர்ணம். அழுது வற்றிப்போன முகம். பின்னால் யாரோ பெண்கள் பேசும் சத்தம்.

"அண்ணே."

"தங்கச்சி... நானே பண்ணணும்னுதான்..."

"எத்தனை தடவை அடிச்சேன். எடுக்கவே இல்லையே."

"கை வேலையா இருந்தேன்மா."

"பெட்டி மூடுறதுக்கு முன்னால முகத்த ஒரு தடவை காட்டுங்கண்ணே. பார்த்துக்கிறேன்."

சுரேந்தர் போனைத் திருப்பினான். சின்னராசுவின் முகத்துக்கு நேரே, வெளிச்சம் படும்படி பிடித்தான். அவள் கதறுவாள் என்று காத்திருந்தான். சத்தமே வரவில்லை.

"தாடி எங்கண்ணே?"

"நான்தான்மா எடுத்தேன். அவன அந்தக் கோலத்துல நீ பாக்கக் கூடாதுன்னு..."

"யாரக் கேட்டு எடுத்தீங்க?"

"தங்கச்சி..."

"அங்க சவரம் பண்ணித்தான் அனுப்புவாங்கன்னு பக்கத்து வீட்டு மாமா சொன்னாரு. எடுத்துடாதீங்கன்னு சொல்லத்தான் அடிச்சேன். மதியத்துலேர்ந்து அடிக்கிறேன்." அவள் குரல் உடைந்தது. "அது வேண்டுதல் முடிண்ணே. வயலூர் முருகனுக்கு நேர்ந்துக்கிட்டது."

சுரேந்தருக்குப் புரியவில்லை. "வேண்டுதலா? என்கிட்ட கோவிச்சுக்கிட்டுத்தான வளர்த்தான்?"

"உங்க மேல அவருக்கு என்னண்ணே கோவம்? உங்களுக்காக நேர்ந்துக்கிட்டதுதான் அது."

கையிலிருந்த போன் நழுவப் பார்த்தது.

"உங்க தலைக்குள்ள என்னமோ நிழல் தெரியுதுன்னு சொன்னாங்களாமே. அன்னைக்கே எனக்குப் போன் பண்ணி அழுதாரு. 'நான்தான் போய்ச் சொன்னேன், அவன் என்கூடப் பேச மாட்டேங்குறான், பேசாட்டிப் போறான், உசுரோட இருந்தாப் போதும்'னாரு. ஒண்ணுமில்லைன்னு ரிசல்ட் வர்ற வரைக்கும் கத்தியவே தொட மாட்டேன், எனக்கும் இல்லை வேற யாருக்கும் இல்லைன்னாரு. வந்ததும் லீவப் போட்டுட்டு வந்து முடி இறக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

தலைமாட்டில் முத்துசாமி எஃகுத் தட்டைக் கையில் எடுத்திருந்தார். குப்பைப் பையின் வாயைக் காலால் விரித்தார்.

"கொட்டாதீங்கண்ணே!"

சுரேந்தர் போட்ட சத்தத்தில் முத்துசாமி திடுக்கிட்டுத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"எடுத்த முடி இருக்கா?" என்று கேட்டாள் பஞ்சவர்ணம்.

"இருக்கும்மா. அப்படியே இருக்கு."

"ஒரு துணியில முடிஞ்சு அவரு கூடவே வச்சு அனுப்புங்க. நான் கொண்டு போய்ச் செலுத்திடுறேன்." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா அண்ணே, பலிச்ச வேண்டுதலுக்குத்தான் முடி செலுத்தணும். பலிக்காததக் கொண்டு போகக் கூடாது. உண்மையச் சொல்லுங்க. ரிசல்ட் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லையாம். எப்பவோ அடிபட்ட பழைய தழும்பாம்."

"முருகா..." பஞ்சவர்ணம் இரண்டு கையையும் முகத்தில் பொத்திக்கொண்டாள். திரை ஆடியது. அவள் மறுபடி தெரிந்தபோது, அந்த அழுத முகத்தில் ஒரு நிம்மதி வந்திருந்தது. "அது போதும்ணே. அது தெரிஞ்சுக்கிட்டுத்தான அவரு போயிருக்காரு? என்கிட்ட ஏன் சொல்லாம விட்டாருன்னு தெரியலை. நேர்ல வந்து சொல்லலாம்னு இருந்தாரோ என்னமோ. எப்பண்ணே வந்துச்சு ரிசல்ட்?"

நேற்று என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. அவளுக்குத் தெரியப்போவதில்லை. முத்துசாமி தட்டோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். சுரேந்தர் மேசையில் கிடந்த முகத்தைப் பார்த்தான்.

"பதினெட்டு நாளாச்சு தங்கச்சி" என்றான். "அவனா வந்து கேக்கட்டும்னு, நான் சொல்லலை."